அடைத்த பேரிங்குக்கு எதிராக

நாற்காலி கொடுத்தீர்கள், நன்றி ஐயா. பதினெட்டு ஆண்டுகளாக மேடையில் நின்று பேசியே பழகியவன். உட்கார்ந்தால் எனக்குச் சொல் வராது. நின்றபடியே சொல்கிறேன், ஏட்டையா எழுதிக்கொள்ளட்டும்.

பெயர் மாணிக்கவாசகம். பகலில் மந்தைவெளியில் சைக்கிள் கடை. மாலையில் சீர்திருத்தக் கூட்டங்களில் சொற்பொழிவு. என்னைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே பணி. சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பைத் திறந்து, உள்ளே உருளும் குண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவி, ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பார்த்து, கிரீஸ் வைத்து மூடுகிறேன். அங்கே மறைவு இல்லை. உயர்ந்த குண்டு, தாழ்ந்த குண்டு என்ற பேதம் இல்லை. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த எவரும் தொடலாம்.

லேத் பட்டறைத் தொழிலாளி மெஹபூப் அலி என் நண்பர்; என் கூட்டங்களுக்கு நாற்காலி போடுபவர். இந்த எழுபத்து நான்காம் ஆண்டுத் தொடக்கத்தில் அவர் ஒரு புது ஹப்பைக் கடைந்தார். அதில் என் உதிரிக் குண்டுகளுக்கு இடமில்லை. மின்மோட்டாரில் வருகிற, இருபுறமும் தகடு போட்டு அடைத்த பேரிங்கை அப்படியே பொருத்தியிருந்தார். உள்ளே என்ன இருக்கிறது, எவனாவது மண்ணைப் போட்டால் எப்படித் தெரியும் என்று நான் கேட்டேன். அவர் சிரித்தார்.

"அண்ணாத்தே, நீ தொறந்து தொறந்து பாக்கறதாலதான் மண்ணு பூருது. இத்தத் தொறக்கவே வாணாம்."

கடையில் நான்கு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். நால்வரும் சிரித்தார்கள். நான் அதைப் பொருட்படுத்தவில்லை. நால்வரின் பெயரும் நினைவிருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த ஹப்பை முன்சக்கரத்தில் மாட்டி ஐந்து நாள் இறங்காமல் சைக்கிள் ஓட்டப்போவதாக அலி அறிவித்தார். உண்பதும் குளிப்பதும் வண்டிமேலேயே. கால் தரையில் பட்டால் தோல்வி. தாங்கினால் அதைத் தயாரித்து விற்பதாகக் கிண்டி முதலாளி ஒருவர் வாக்களித்திருந்தார். ஒலிபெருக்கியில் நான்தான் பேச வேண்டும் என்று அலி பிடிவாதமாக நின்றார். ஒப்புக்கொண்டேன். நட்பு வேறு, கொள்கை வேறு.

வெள்ளிக்கிழமை மாலை தொடக்கம். நண்பகலில் தொழுகைக்குப் போகும்போது, வண்டியை என் கடையில் விட்டுப் போனார். வேறு எவரையும் நம்பமாட்டாராம். முன்சக்கரத்தைக் கழற்றி, கோணி ஊசியால் பேரிங்கின் தகட்டை நெம்பினேன். உள்ளே குண்டுகள் இருந்தன. என் கடையில் இருக்கும் அதே உருண்டைக் குண்டுகள்.

சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைப் பற்றி இப்போது பேசுவதற்கில்லை.

பிறகு சாந்தோம் கடற்கரை மணலை இரண்டு சிட்டிகை இட்டேன். சலித்த மணல், நான் எதையும் அரைகுறையாகச் செய்வதில்லை. தகட்டை மூடித் துடைத்து வைத்தேன். அலி திரும்பி வந்து வண்டியைத் தட்டிக்கொடுத்துவிட்டு, எனக்கும் ஒரு சலாம் போட்டார்.

முதல் நாள் இரவே சக்கரம் கரகரத்தது. இசைத்தட்டின் ஒலியைக் கூட்டச் சொன்னேன். ஞாயிறு மாலை, மக்கள் திரண்டிருந்த நேரத்தில், முன்சக்கரம் நின்றது; அலி கைப்பிடிக்கு மேலாகப் பறந்து விழுந்தார். தோள் எலும்பு முறிந்ததாகப் பின்னர் சொன்னார்கள். அடைத்து வைத்த அமைப்புகளின் வீழ்ச்சியைப் பற்றி அங்கேயே முக்கால் மணி நேரம் பேசினேன். அவரை ஏற்றிப்போக வந்த டாக்சி வழி கேட்டு ஒலியெழுப்பியது. கூட்டம் கலைந்துவிடும் என்பதால், முடிவுரைக்குப் பிறகே வழிவிடச் சொன்னேன்.

மருத்துவமனையில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"நீ அப்பவே சொன்ன அண்ணாத்தே. நாந்தான் கேக்கல."

பெருந்தன்மையுடன் மன்னித்தேன்.

பட்டறைத் தோழர்கள் பேரிங்கைப் பிரித்து, மணலைக் காகிதத்தில் மடித்து உங்களிடம் கொண்டுவந்திருக்கிறார்கள். ஆம் ஐயா, நான்தான் போட்டேன். கையெழுத்திடுகிறேன். ஆனால் ஒன்றையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்: திறந்து பார்க்க வழியில்லாத ஒன்றுக்குள் எந்த அயோக்கியனும் மண்ணைப் போட்டுவிடலாம் என்று, ஊரிலேயே முதலில் எச்சரித்தவன் நான்.