சாமரக்காரி

எழுபதுகளின் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, தேவிகாபுரத்திலிருந்து ஆரணி போகும் பஸ்ஸில் இதைக் கேட்டேன். பக்கவாதம் வந்த புருஷன் சீட்டு முழுக்கச் சாய்ந்து தூங்க, நெசவுக்காரப் பெண் ஒருத்தி பக்கத்தில் நின்றபடி அவருக்கு விசிறிக்கொண்டிருந்தாள். பின்சீட்டில் அவளுக்குத் தெரிந்த அக்கா ஒருத்தி.

"ஏழு வருசமா தப்பான ஆளாண்ட வேண்டிகினு இருந்துட்டேன்க்கா."

"யாராண்ட?"

"கோயில் வாசல் தூண்ல நிக்கிறாளே, அவளாண்டதான். அம்மன்னு நெனச்சேன். அம்மனுக்கு சாமரம் வீசற வேலக்காரியாம். அய்யரு இன்னிக்குத்தான் சொல்லி சிரிச்சாரு."

"உள்ள போயி அம்மனயே கும்புடறதுக்கு இன்னா?"

"இவர தனியா வாசல்ல வுட்டுட்டு எப்படி போறது? அங்கயே கும்புட்டுகினு வந்துடுவேன்."

"இவரு எழுந்து நடக்கணும்னு வேண்டிகினியா?"

"மொதல்ல அப்படித்தான். அப்பறம், ஒரு நாளாவது என்ன உக்கார வையி தாயேன்னு."

விசிறிக்கொண்டே அவள் சொன்னாள்:

"அவளே காலங்காலமா நின்னுகினு கீறா. அவளாண்ட போயி கேட்டிருக்கேன் பாரு."

ஆரணி நெருங்கும்போது கண்டக்டர், "பின்னாடி சீட்டு காலி, உக்காரும்மா" என்றார்.

அவள் நின்றபடியே விசிறியை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள்.