ராயப்பரின் அழுக்குக் கால்

ரொம்பக் காலத்துக்கு முந்தி, சுத்தி உப்பளம் தவிர வேற ஒண்ணுமே இல்லாத காலத்துல, நம்ம மாதாக்குறிச்சியில செபத்தியாள்னு ஒருத்தி இருந்தாளாம். "நீங்களே காலைக் கழுவிட்டு வந்து உக்காந்திருக்கலாமே மைனி, சீக்கிரம் முடிஞ்சிருக்கும்"னு இப்போ கேட்டானே என் கொழுந்தன் வில்ஃபிரட், அவனோட பாட்டனுக்குப் பாட்டி. வருசாவருசம் பெரிய வியாழனுக்குச் சொல்ற கதைதான். வருசாவருசம் மறந்து தொலைக்கிறீங்க. அந்தப் போனைக் கவுத்து வெச்சிட்டுக் கேளுங்க.

செபத்தியாளுக்குப் புருசன் தொம்மை. பெரிய வியாழன் பூசையில, ஆண்டவர் சீடருங்க காலைக் கழுவின நினைவா, சாமியார் பன்னிரண்டு ஆம்பளைங்க காலைக் கழுவுவாரில்லையா, அதுல முதல் நாற்காலி, சீடருக்கெல்லாம் தலைவரான ராயப்பர் நாற்காலி, தொம்மைக்குத்தானாம். ஏன்? அவன் அப்பன் உக்காந்தான், இவனும் உக்காந்தான். வேற தகுதி ஒண்ணும் கிடையாது.

கூத்தைக் கேளுங்க. சாமியார் கழுவப்போற காலை அழுக்கோட கொண்டுபோனா மரியாதை இல்லையாம். அதனால பன்னிரண்டு வீட்டுப் பொம்பளைங்களும் மூணு நாள் முன்னாலேயே உக்காந்து தேய்ப்பாங்களாம். சீயக்காய் போட்டுத் தேய்ப்பாங்களாம், பீர்க்கங்கூடு வெச்சுத் தேய்ப்பாங்களாம், தேங்காய் எண்ணெய் விட்டு நீவுவாங்களாம். பளபளன்னு போகும் கால். சாமியார் நாலு சொட்டுத் தண்ணி விட்டு, துண்டால ஒத்தி, உதட்டை வெச்சு முத்தி செய்வார். "எம்புட்டுத் தாழ்ச்சி பாத்தியா"ன்னு ஊரே கண்ணைத் தொடைக்கும்.

தேய்ச்சவ கால் எப்படி இருந்துச்சுன்னு ஒரு ஆள் பாத்திருப்பானா? விடிஞ்சா பாத்தியில இறங்கி உப்பு வாருறவ செபத்தியாள். குதிகால் பிளந்து கிடக்கும். விரல் இடுக்கெல்லாம் புண்ணு. புண்ணுக்குள்ள உப்பு.

அந்த வருசம் உப்பளத்துல வேலை ஓயாம, வியாழக்கிழமை மத்தியானம்தான் தேய்க்க உக்காந்தா. தொம்மையோட வலது காலைத் தேய்ச்சு முடிச்சிட்டுக் கேட்டாளாம்: "ஏங்க, கெணத்துல ஒரு வாளி தண்ணி இறைச்சுத் தாங்க. கால் எரியுது, ஊத்திக்கிறேன்."

"நான் இன்னைக்கு ராயப்பருட்டி! ஒரு பொட்டச்சி காலுக்கு நான் தண்ணி இறைக்கவா? இடது காலைத் தேயி."

செபத்தியாள் பீர்க்கங்கூட்டைக் கீழே வெச்சா. எழுந்தா. அவ்வளவுதான்.

மிச்சக் காலை அவனே தேய்ச்சிருக்கலாமே? எப்படித் தேய்ப்பான், ராயப்பர் குனிவாரா! கோயில் மணி அடிச்சிருச்சு. போய் உக்காந்தான். ஒரு கால் பளபளன்னு, ஒரு கால் உப்பளத்துச் சேறோட.

முழந்தாள் போட்ட சாமியாருக்குக் கை அப்படியே நின்னுபோச்சாம். "என்னப்பா தொம்மை, இது?"

"பொண்டாட்டி பாதியில விட்டுட்டா, சாமி."

பொம்பளைங்க பக்கத்துல இருந்து ஒரு குரல் எழும்புச்சாம். "வருசாவருசம் நான் கழுவின காலைத்தான் நீங்க நனைக்கிறீங்க, சாமி. இந்த வருசம் உங்களுக்குன்னு ஒரு காலை மிச்சம் வெச்சிருக்கேன்."

 சாமியார் சட்டைக் கையை மடிச்சு விட்டுக் கழுவினார். தாம்பாளத் தண்ணி கறுத்துப்போய் ரெண்டு தடவை மாத்தினாங்களாம்.

தொம்மை கொதிச்சுப்போய் வீட்டுக்கு வந்தா, செபத்தியாள் கெணத்தடித் துவைக்கிற கல்லு மேல உக்காந்திருக்கா. "என் காலை நீங்க கழுவாம அந்த வாசப்படியை மிதிக்க மாட்டேன்."

"கிட, அங்கேயே கிட"ன்னு போயிட்டானாம். பெரிய வெள்ளிக்கிழமை ஒருசந்தி நோன்பு, அடுப்பு எரியாதது தெரியலை. சனிக்கிழமைதான் உறைச்சுது. விடிஞ்சா பாஸ்கா, ஆண்டவர் உயிர்த்த திருநாள். அடுப்புக்குள்ள பூனை சுருண்டு கிடக்கு. பிள்ளைங்க அம்மாவோட கல்லடியில.

"ஊரே சிரிக்குது, உள்ள வாட்டி."

"கழுவுங்க, வாரேன்."

"எல்லாரும் பாக்காங்கட்டி!"

"உங்க காலை எல்லாரும் பாக்கத்தானே அங்க போய் உக்காந்தீங்க?"

தண்ணி இறைச்சான். குனிஞ்சான். புண்ணைத் தொட்டுப் பாத்தவன் அழுதுட்டான்னு சிலர் சொல்லுவாங்க. நான் நம்ப மாட்டேன். ஆனா ஒரு வாளி பத்தாம மூணு வாளி இறைச்சான்னு எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்றாங்க.

கெணத்தைத் தூர்த்து வருசம் எத்தனையோ ஆச்சு. கல்லு மட்டும் ரோட்டோரம் நிக்குது. செபத்தியாள் கல்லுன்னு சொன்னாதான் ஆட்டோக்காரனுக்கே வழி தெரியும். அன்னையில இருந்துதான் பெரிய வியாழன் அன்னைக்கு, கோயிலுக்குப் போறதுக்கு முந்தி, நம்ம வீட்டு ஆம்பளைங்க பொம்பளைங்க காலைக் கழுவணும்னு வந்துச்சு. அன்னைக்குக் காலையில இருந்து பொம்பளைங்க யாரும் காலைக் கழுவக் கூடாதுன்னும் வந்துச்சு. போன வருசம் ரோஜா இதழ் மிதக்கவிட்டு வீடியோ எடுத்தீங்களே, அது எந்த வேதத்துல இருக்கு? ஈரத் தாளால தொடைச்சு விட்டீங்களே, நான் என்ன சாப்பாட்டு மேசையா?

விடிஞ்சதுல இருந்து அடுப்படிக்கும் மொட்டைமாடிக்கும் நடந்த காலு இது. வெடிப்புல பூண்டுத் தோல்கூட இருக்கும். வாளி அங்கே இருக்கு. குனி வில்ஃபிரட்.

ரெண்டு காலையும்.