இணைப்பு இருண்ட இனிய நாள்

அவையை நிறைத்து அமர்ந்திருக்கும் அன்புப் பெருமக்களே! நான் எதைக் கேட்டாலும் முதலில் "முடியாது" என்று சொல்லிவிட்டு, மறுநாள் கையெழுத்திட்டு அனுப்பும் எங்கள் பட்டறைத் தலைவர் அம்மையார் அவர்களே! அளவுக் கருவிகளை ஆளும் அரசி, எங்கள் அளவம்மா அவர்களே! முன்வரிசையில் தன் நாற்காலியோடு பக்கத்து நாற்காலிகளையும் நேராக்கிக் கொண்டிருக்கும் என் அருமைச் சம்பந்தி அவர்களே! எங்களைப் பெற்ற தாய்மார்களே, எங்களைப் பொறுத்த இல்லத்தாரே, உங்கள் அனைவரையும் வணங்கி மகிழ்கிறேன்.

சுருக்கமாகப் பேசும்படி ஒரு சீட்டு வந்திருக்கிறது. சுருக்கமாகப் பேச மாட்டேன். கண்ணாடி வில்லை தேய்த்துப் பிழைத்தவன், நூலகத்தில் உட்கார்ந்து ஒளியியல் படித்தவன் என்பதற்காக எத்தனை கூட்டங்களில் என் பேச்சைப் பாதியில் நிறுத்தினீர்கள்? இன்று மைக் என் கையில்.

ஒளிப்படிகம் என்றால் என்ன? தாய்மார்கள் கேட்கிறீர்கள், கேட்கத்தான் வேண்டும். மெல்லிய சிலிக்கான் தகட்டில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளை வரிசை வரிசையாகக் குடைந்தால் அது ஒளிப்படிகம். துளைகள் நிறைந்த பகுதிக்குள் எங்கள் ஒளி புகாது. நடுவில் ஒரு வரிசையை மட்டும் துளைக்காமல் விட்டால், அந்தச் சந்தில் ஊர்ந்து போகும். ஏன் ஊர வேண்டும்? ஊர்ந்தால்தான் ஒரு துளி நீரில் கலந்த நஞ்சையும் தொட்டு உணரும். அதற்கான சில்லைத்தான், சிப் என்கிறார்களே அதைத்தான், நாங்கள் செய்கிறோம்.

அந்தச் சந்தின் வாசல்வரை ஒளியைக் கொண்டுவருவது ஒளிவழி. மயிரிழையினும் மெல்லிய சிலிக்கான் பட்டை. அதில் ஒளி ஓடி வருகிறது. ஓடி வந்தது ஒரு வேகம். ஊர வேண்டியது வேறொரு வேகம். வாசலில் என்ன ஆகும்? முட்டும், மோதும், திரும்பும், சிதறும். பெரும்பகுதி ஒளி வாசலிலேயே பாழ். அளவம்மாவின் அகச்சிவப்புக் கேமராவில் பார்த்தால், ஒளிவழியும் படிகமும் சேரும் அந்த இணைப்பு வெள்ளை வெளேர் என்று எரியும். பார்ப்பவர்க்கு அழகு. எங்களுக்கு அத்தனையும் இழப்பு.

நான் ஒரு வழி சொன்னேன். படிகத்தின் ஓரத்தைத் துளைகளுக்கு இடையே வெட்டாதீர்கள். துளைகளின் நடுவே வெட்டுங்கள். வாசலில் அரைத் துளைகள் நிற்கட்டும், ஒளி இலகுவாக இறங்கும் என்றேன். சொன்னேன், வரைந்தேன், வாதாடினேன். சில்லு வந்தது, இணைப்பு எரிந்தது. மீண்டும் செய்தோம், மீண்டும் எரிந்தது. பெரியவரின் அரைத் துளை அரைவேக்காடு என்று பட்டறை முழுக்கச் சிரித்தது. அதோ, பின்வரிசையில் இப்போதும் சிரிக்கிறீர்கள். சிரித்த முகங்களை நான் மறக்கவில்லை.

தலைவர் அம்மையார் ஒருநாள் எங்களை அழைத்தார். அடுத்த சில்லிலும் ஒளி நுழையாவிட்டால் இந்தப் படிக வேலைக்கான மேசையை எடுத்துவிட்டு, அந்த அறையைப் பெட்டி கட்டும் பிரிவுக்குக் கொடுத்துவிடுவேன் என்றார். மேசை போனால் யார் போவது? ஒளி எப்படி நடக்கும் என்று கணினியில் கணக்கிடும் என் மருமகள் போவாள். "கணக்கு" என்றே நீங்கள் அழைக்கும் அதே பெண்தான். வேறு ஊரில் வேலை தேடுவாள். அவளோடு என் மகன் போவான், பேத்தி போவாள். எனக்கு மிஞ்சுவது பூட்டும் சாவியும்.

அன்று நுண்ணோக்கியில் பழைய சில்லைப் பார்த்துக்கொண்டிருந்த கணக்கு தலை நிமிர்ந்தாள். "மாமா, நீங்க கேட்ட வெட்டு இதுல இல்லையே" என்றாள். பார்த்தேன். ஓரம் முழுக்க முழுத் துளைகள், பல் வரிசை போல.

சில்லின் வரைபடத்தை இறுதி செய்து அனுப்புபவர் யார்? என் சம்பந்தி, கணக்கின் அப்பா. தேநீர் அறையில் கோப்பைகளின் கைப்பிடிகளை ஒரே திசைக்குத் திருப்பிக் கொண்டிருந்தார். கணக்கு நேரே போய்க் கேட்டாள்.

"ஏம்ப்பா, ஓரத்துல அரைத் துளை போட்டு அனுப்பினோமே, அதெல்லாம் எங்க?"

"அது பிழைம்மா. துளை பாதியில அறுந்து நின்னா யாரு விடுவா? எடுத்துட்டேன்."

"மாமாகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கை தவறிப் போட்டிருப்பாருன்னு நெனச்சேன். பொண்ணு குடுத்த எடத்துல போயி, உங்க வரைபடம் தப்புன்னு எப்படிம்மா சொல்றது?"

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். நான் அன்று சிரிக்கவில்லை. என் அரைத் துளை தோற்கவில்லை ஐயா, அது பிறக்கவே இல்லை! "சம்பந்தி, மரியாதை குடுத்தது எனக்கு, அடி விழுந்தது ஒளிக்கு" என்றேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார். அதையும் நேராகத்தான் வைத்தார்.

வெட்டு மட்டும் போதாது என்றாள் கணக்கு. வாசலை ஒட்டிய சில வரிசைகளில் துளைகளின் அளவைச் சிறுகச் சிறுக மாற்ற வேண்டும். ஓடி வரும் ஒளி படிப்படியாக வேகம் தணிந்து உள்ளே போகும் என்றாள். எதற்குப் படி, என் வெட்டே போதும் என்று நான் மல்லுக்கு நின்றேன். "உங்க வெட்டும் இருக்கட்டும் மாமா, என் படியும் இருக்கட்டும். சண்டையை ஒளி உள்ள போனப்புறம் வெச்சுக்கலாம்" என்றாள். சம்பந்தி வரைந்தார். அரைத் துளை வரைவது அவருக்குப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போவது போல. ஆனாலும் வரைந்தார், அந்த அரையையும் அணுவளவு பிசகாமல் வரைந்தார்.

சோதனை நாள் வந்தது. அளவம்மா திரையைப் பார்த்தார், முகம் சுளித்தார்.

"ஏங்க, லேசரைப் போட்டீங்களா இல்லையா? இணைப்புல ஒண்ணுமே தெரியலையே."

போட்டுத்தான் இருந்தது. அப்படியானால் ஒளி எங்கே? சில்லின் மறுமுனையில் வெளிவரும் ஒளியை அளக்கும் அளவியை அளவம்மா திருப்பிப் பார்த்தார். முள் இருந்த இடத்தில் இல்லை, ஏறி நின்றது.

"உள்ள போயிடுச்சு" என்றாள் கணக்கு, காதோடு சொல்வது போல.

விளக்கு எரிந்தால் மகிழ்வது உலகம். இருட்டைக் கண்டு கூத்தாடியவர்கள் நாங்கள்! தலைவர் அம்மையார் தன் கையால் மேசையைத் துடைத்தார். அறை எங்களுக்கு, மேசை எங்களுக்கு, என் பேத்தியின் கூச்சல் என் வீட்டுக்கு!

பெருமக்களே, ஒட்டி நிற்பதாலேயே இரண்டு பொருள் இணைந்துவிடுமா? ஒரே கூரைக்குள் இருப்பதாலேயே இரண்டு மனிதர் இணைந்துவிடுவாரா? ஒருவர் மனம் நோகும் என்று ஒருவர் வாய் மூடினால், இடையில் சிதறுவது எவ்வளவு! என்னிடம் பிழை கண்டால் என் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். சண்டை போடுவேன், சத்தம் போடுவேன், ஆனால் சொல்லுங்கள்!

என்ன சம்பந்தி, கை தூக்குகிறீர்கள்? மைக்கை அவரிடம் கொடுங்கள்.

"முதல் சில்லுல நான் கையே வெக்கல சம்பந்தி. அதுல உங்க அரைத் துளை இருந்துச்சு. அப்பவும் எரிஞ்சுது. அதப் பார்த்துட்டுதான் அடுத்ததுலேர்ந்து எடுத்தேன். உங்க மனசு நோகும்னுதான் அன்னிக்கு இதச் சொல்லாம, கை தவறின்னு சொல்லிட்டேன்."

கேட்டீர்களா அவையோரே? இத்தனை பேர் முன்னால், பெண் கொடுத்த இடத்தில், முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். கைதட்டுங்கள், அவருக்குக் கைதட்டுங்கள்! கணக்கு, நீ மட்டும் அவ்வளவு பலமாகத் தட்ட வேண்டாம். உன் படி இல்லாமல் என் வெட்டு செல்லாது என்று நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த முதல் சில்லு அலமாரியில் இருக்கிறது. காலையில் வாருங்கள் சம்பந்தி, இரண்டு பேரும் சேர்ந்தே அளப்போம்.

பொறுமையாகக் கேட்ட பெரியோர்க்கும், பொறுமை இழந்தும் எழாமல் இருந்த இளையோர்க்கும் என் நன்றி. உங்கள் வீடுகளில் ஒளி உள்ளே போகட்டும். வணக்கம்.