கிளை ஒடியாமல் தோண்டியவன்

எனக்குத் தோட்டவேலை அவ்வளவாக வராது, இன்ஸ்பெக்டர். இந்த நீகாதா மலைப்பக்கம் முப்பத்தாறு வருடம் தபால் கொடுத்தவன் நான். ஓய்வு பெற்றதும் கமெலியா வளர்க்கிறேன் என்று கிளம்பி, முதல் மூன்று செடிகளை உரம் போட்டே கொன்றேன்.

நான்காவதைப் பக்கத்து வீட்டு செகிஹாரா மோசுகே கொடுத்தார். தன் பனிக் கமெலியாவில் வெட்டி வேர்விட வைத்த குச்சி. என் கைக்குத் தப்பி அது பிழைத்தது. ஒவ்வொரு ஏப்ரலிலும் ஊர்ப் பூக்காட்சியில் அவருக்கு முதல் பரிசு, எனக்கு இரண்டாவது. ஒன்பது வருடம்.

"தபால்காரரே, உங்களுது பொண்ணு, என்னுது அம்மா. அம்மாவ ஜெயிக்கிறது கஷ்டந்தான்," என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். என் சிரிப்புதான் உரக்கக் கேட்கும்.

இந்த ஜனவரியில் கூரைப் பனியைத் தள்ள ஏறியவர் சறுக்கித் தோட்டத்தில் விழுந்தார். பின்னாலேயே கூரையின் மொத்தப் பனியும் அவர்மேல் இறங்கியது. மண்வாரியோடு ஓடினேன். இடுப்பளவு குவியல், அதன் அடியில் அவரும் அந்தக் கமெலியாவும். குரல் கேட்டது.

"தபால்காரரே, பாத்துத் தோண்டுங்க. கிளை ஒடிஞ்சிடப் போவுது."

வேடிக்கைக்குத்தான் சொன்னார். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. மண்வாரியைச் சாய்த்து வைத்துவிட்டு, கையுறையால் கிளை கிளையாகப் பனியைத் துடைத்தேன்.

"தோகுஜி, சீக்கிரம்."

அவர் என்னைப் பெயர் சொல்லி அழைத்தது அதுதான் முதல் தடவை. மனம் நெகிழ்ந்துவிட்டது. கையின் வேகம் மட்டும் கூடவில்லை.

குரல் நின்ற பிறகு மண்வாரியை எடுத்தேன். கடைக்குப் போயிருந்த அவர் மனைவி ஃபுசாயே திரும்பியபோது, நான் வியர்வை சொட்டத் தோண்டிக்கொண்டிருந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் சொன்னதை நம்பித்தான் நீங்களும் இந்தப் பாராட்டுப் பத்திரத்தைக் கொண்டு வந்திருக்கிறீர்கள். வாங்கிக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது.

பனிக் கமெலியாவின் கிளை ஒடியாது. ஆளுயரப் பனிக்கடியில் வளைந்து கிடந்து, பனி உருகியதும் நிமிர்ந்துகொள்ளும். இந்த ஊரில் அது தெரியாதவர் இல்லை. எனக்கும் தெரியும். தெரிந்தே அவரைச் சாகவிட்டேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஏப்ரலில் எனக்குத்தான் முதல் பரிசு. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அவர் இருந்திருந்தாலும் இந்த வருடம் நான்தான் ஜெயித்திருப்பேன்; பூவைப் பார்த்தால் உங்களுக்கே புரியும்.