நெற்றியோரம் ஓர் அரிசியளவு

அச்சுப் பலகையில் முடி செதுக்குவது கஷ்டமில்லை, ஐயா. மூச்சை அடக்கத் தெரிந்தால் போதும். எடோ நகரத்தில் எல்லாப் படப் பட்டறையிலும் இதுதான் வழக்கம்: ஓவியர் தலைக்கு இரண்டு கோடு இழுத்துவிட்டுப் போய்விடுவார். நெற்றியோரத்து ஒவ்வொரு இழையும் தலைமைச் செதுக்குக்காரன் பொறுப்பு. அதாவது, என் பொறுப்பு.

தோகாய்தோ சாலைப் படங்களுக்காக ஓவியர் ஷுன்கேய் ஊர் ஊராக அலைந்து வந்தார். அந்தச் சாலையிலுள்ள நிஸ்ஸாகா ஊர்த் தேநீர்க்கடைப் படத்தை என்னிடம் நீட்டியபோது சிரித்தார்.

"தொமேகிச்சி, இந்தப் பொண்ணைப் பாரேன். இடது கையாலதான் பரிமாறுறா. ஒருத்தனும் கோவிச்சுக்கல. மோச்சிக் கொழுக்கட்டை அவ்வளவு ருசி!"

எனக்குப் புரிந்துவிட்டது. ஒஷினோ. என் அடுத்த வீட்டில் இருந்தவள்; இடக்கைக்காரி. அவள் கணவன் கும்பேய் கொதிக்கிற கெண்டியை வீசியதிலிருந்து இடது நெற்றியோரம் அரிசியளவு இடத்தில் முடி முளைப்பதில்லை. போன வருடம் அவள் தப்பிப்போக வழிச்சீட்டு வாங்கிக் கொடுத்ததே நான்தான். "எதுக்கு அவ்வளவு தூரம்? என்கூடவே இருந்துடேன்" என்றும் சொல்லிப் பார்த்தேன்.

"நீங்க எனக்கு அண்ணன் மாதிரி" என்றாள்.

நான் வருத்தப்படவில்லை.

படத்தில் அந்தத் தழும்பு இல்லை. ஓவியர் கவனிக்கவில்லை. வேலையில் பொய் எனக்குப் பிடிக்காது; அந்த அரிசியளவு இடத்தில் முடி வைக்காமல் விட்டேன். முதல் அச்சைப் பார்த்து அவர் கேலி செய்தார்.

"என்னய்யா, உளி வழுக்கிடுச்சா? வயசாவுதோ?"

"பலகையில கணு" என்றேன்.

கும்பேய் படம் வாங்குகிற ஆள் இல்லை. அதனால் ஒன்றை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். "நிஸ்ஸாகா மோச்சி ரொம்ப நல்லாயிருக்குமாம்" என்றேன். அவ்வளவுதான். அவன் தாளைக் கண்ணருகே பிடித்து வெகுநேரம் பார்த்தான். மறுநாள் அவன் வீடு பூட்டிக் கிடந்தது. நிஸ்ஸாகா ஓடைக்கரையில் அவள் உடலைக் கண்டெடுத்த செய்தி வர இரண்டு வாரம் ஆயிற்று.

காட்டிக்கொடுத்தவர் ஓவியர் என்று அவரை அடைத்து வைத்திருக்கிறீர்கள். தழும்பை வரையவில்லை என்று நிரூபிக்க அவரிடம் மூலப்படம் இல்லை. அதைப் பலகையில் குப்புற ஒட்டித்தான் செதுக்குவோம். உளியோடு அதுவும் போய்விடும். அவரை விட்டுவிடுங்கள். தழும்பு என் கைவேலை. படம் கொடுத்ததும் நான்.

ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. அவளை நான் காட்டிக்கொடுக்கவில்லை. அவள் பெயரைக்கூட நான் யாரிடமும் சொன்னதில்லை.