வக்கீல் மரம்

கையை விடு, வாட்ச்மேன் தம்பி. ஓடற வயசா எனக்கு? என் முட்டி இருக்கிற லட்சணத்துக்கு கேட் வரைக்கும் போனாலே பெருசு. திருடன் எவனாவது பட்டப்பகல்ல ஸ்டூல் போட்டு உக்காந்து திருகாணி கழட்டுவானா?

தோட்டத்துச் சொத்துதான், யார் இல்லேன்னா? மரம் இருக்கட்டும். தகடு மட்டும் வந்தாகணும், வக்கீல் திறப்பு விழாவுக்கு வந்து துணியை விலக்கறதுக்குள்ள.

என்ன எழுதியிருக்குன்னு படிச்சியா? படி. அவகாடோ, வக்கீலைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லில் பிறந்த பெயர். கீழ, நினைவாகன்னு போட்டு டீச்சர் பேரு. பொய்க்கு அதையே கையெழுத்துப் போட வச்ச மாதிரி.

பொய்தான். மெக்சிகோ பக்கம் நாவாட்ல்னு ஒரு பாஷை. அந்த ஜனங்க இதை ஆவகாட்ல்னாங்க. கப்பல்ல வந்த ஸ்பெயின்காரன் வாயில அது நுழையல, அகுவகாத்தேன்னான். அப்புறம் எவனோ, சத்தம் ஒண்ணு போல இருக்குன்னு அவங்க பாஷையில வக்கீலுக்கு இருந்த வார்த்தையை இழுத்து இதுமேல மாட்டிட்டான். மத்தபடி வக்கீலுக்கும் பழத்துக்கும் ஒட்டுமில்ல, உறவுமில்ல.

எனக்கென்ன தெரியும், நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டினவன். தாவரவியல் டீச்சர் சொன்னது. இதே மரத்தடியில பிள்ளைங்களை நிக்க வச்சு, பேரு வச்சவங்களை மறக்காதீங்கன்னு தொண்டை வத்தக் கத்தும். நான் பஸ்ஸுல உக்காந்து கேட்டுக்கிட்டிருப்பேன்.

ஒரு வார்த்தைக்கா இந்தப் பாடுன்னா? உன் பிள்ளைக்கு என் பேரை இனிஷியலா போட்டா சும்மா இருப்பியா? பாரு, முறைக்கிறே.

வக்கீல் தெரியாம எழுதலை. டீச்சர் எத்தனை தடவை நேர்லயே சொல்லிச்சு, சோத்துத் தட்டுக்கு முன்னால, விருந்தாளிங்க முன்னால. கடைசியா ஆஸ்பத்திரிக் கட்டில்கிட்ட வந்தும் அதே பேச்சு. எங்க தொழில் பேர்ல பழமே இருக்குன்னு நர்ஸுகிட்ட பீத்திக்கிட்டாரு. டீச்சர் மூக்குல குழாயோட, இல்லடான்னு தலையை ஆட்டிச்சு.

உசிரோட இருந்த வரைக்கும் அதுகிட்ட வாதாடி ஜெயிக்க முடியல. செத்ததும் பித்தளையில வெட்டிக் கொண்டாந்து மாட்டிட்டாரு. எதிர்த்துப் பேச ஆளில்லைங்கிற தைரியம்.

போன் போடறியா? தாராளமா. வக்கீலுக்கே போடு. யாருன்னு கேட்டா, உங்கப்பான்னு சொல்லு.

போட்டுட்டு வந்து இதைக் கொஞ்சம் தாங்கிப் பிடி. கடைசி ஆணி இறுகிக் கிடக்கு. கழண்டதும் தகடு மண்ணுல விழுந்துடப் போவுது. என் பொண்டாட்டி பேரு இருக்கு அதுல.