அக்காவுக்குப் போட்ட இரண்டாவது இருக்கை

தோட்டத்தில் உட்கார இடம் அமைப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் முதலில் நாற்காலியை வாங்கிவிடுகிறார்கள். அது தவறு. முதலில் வெயிலைப் பார்க்க வேண்டும். எந்த நேரத்தில் எங்கே விழுகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று குறித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. முப்பத்திரண்டு வருடம் ஒரு கட்டட அலுவலகத்தில் வரைபடம் போட்டவள் நான். அந்தப் பழக்கம் போகவில்லை.

ஏற்கனவே ஒரு இடம் இருக்கும்போது எதற்கு இன்னொன்று என்று கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். பழைய இடம் சமையலறைக் கதவை ஒட்டி இருந்தது. தகரக் கூரை, இரண்டு பிரம்பு நாற்காலி, நல்ல நிழல். அக்காவின் சக்கர நாற்காலியை அங்கேதான் நிறுத்துவேன். அங்கிருந்து கூப்பிட்டால் வீடு முழுக்கக் கேட்கும்.

அக்கா பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. விசிலை அவள் தொட்டதே இல்லை. ஒரு தடவை கூப்பிட்டால் மைதானத்தின் அந்தக் கோடியில் ஓடுகிற பிள்ளை நின்றுவிடும். பக்கவாதம் அவளுடைய கால்களையும் இடது கையையும் எடுத்துக்கொண்டது. குரல் பக்கம் போகவே இல்லை. எனக்கு அறுபது வயது. இன்றைக்கும் அவளுக்கு நான் பாப்பாதான்.

"பாப்பா, யாரு கேட்டைத் திறந்தது?"

"பாப்பா, இந்த ஈயைக் கொஞ்சம் விரட்டு."

"பாப்பா, ஒண்ணும் இல்ல, இருக்கியான்னு பாத்தேன்."

ஒன்பது வருடம். ஒருநாள் சும்மா எண்ணிப் பார்த்தேன். விடிந்ததிலிருந்து மதியச் சாப்பாடு வரைக்கும் அறுபத்தொரு தடவை. கோபமெல்லாம் இல்லை. கோபப்படவும் ஒரு தெம்பு வேண்டும் அல்லவா. பல் தேய்க்கும்போது சுவரில் நெற்றியைச் சாய்த்து அப்படியே கண் அயர்ந்திருக்கிறேன்.

தோட்டத்துக் கடைசியில், மோட்டார் அறைக்குப் பின்னால், பத்தடிக்குப் பத்தடி இடம் சும்மா கிடந்தது. ஒரு வாரம் மணிக்கொரு தரம் போய் நிழல் விழும் இடத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டேன். காலை பதினொன்றரை வரை அருமையான நிழல். அதற்கப்புறம் நாலு மணி வரை சொட்டு நிழல் கிடையாது. ரேடியோவை அங்கே அக்கா குரல் அளவுக்கு வைத்துவிட்டு வீட்டுக்குள் வந்து ஒவ்வொரு அறையாக நின்று பார்த்தேன். எதிலும் கேட்கவில்லை. படுக்கையறைக் கட்டிலில் சும்மா உட்கார்ந்து பார்த்தேன். அந்த அமைதியில் அழுகை வந்துவிட்டது.

கொத்தனார் உங்களிடம் சொன்னதெல்லாம் உண்மை. நல்ல மனிதர். அவர் கேட்டார்: "ஏம்மா, மத்தியானம் இங்க அனல் அடிக்குமே, மேல ஒரு பந்தல் போட்டுரலாமா?"

"வேணாம், வானம் தெரியட்டும்" என்றேன்.

தரைக்கு வெள்ளைக் கல் என்றதும் தலையைச் சொறிந்தார். நடைபாதையின் கடைசி நாலடிக்குக் கூழாங்கல்லைக் கொட்டச் சொன்னபோது வேலையையே நிறுத்திவிட்டார். "அதுல வண்டிச் சக்கரம் புதையும். பெரியம்மா ஒத்தக் கையில எப்படித் தள்ளிட்டு வருவாங்க?"

"அவங்க ஏன் தள்ளணும்? நான் இல்லையா?"

பார்க்க அழகாக இருக்கும் என்றுதான் கூழாங்கல் போட்டேன் என்று அப்போது நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் சொல்ல வருகிறது.

அக்காவுக்கு அந்த இடம் ரொம்பப் பிடித்துவிட்டது. முதல் நாள் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இவ்வளவு பாடுபட்டு எனக்காகவா பாப்பா போட்ட?" என்றாள். ஆமாம் என்றேன். தினமும் ஒன்பதரைக்குக் கொண்டுபோய் விடுவேன், பதினொன்றுக்குத் திருப்பிக் கூட்டி வருவேன். நடுவில் ஒன்றரை மணி நேரம் தூங்குவேன். ஒன்றரை மணி நேரத் தூக்கம் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியாது.

பிறகு பதினொன்று பதினொன்றரை ஆயிற்று. ஒருநாள் பன்னிரண்டே கால். அவள் முகம் சிவந்து போயிருந்தது. "கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டையே வறண்டு போச்சுடி" என்றாள். "கேக்கலக்கா" என்றேன். அது பொய்யில்லை.

கடைசி நாளன்று நான் அசந்து தூங்கிவிட்டதாக வாக்குமூலத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதை மாற்றிக்கொள்ளுங்கள். பன்னிரண்டே முக்காலுக்கே விழித்துவிட்டேன். முகம் கழுவினேன். ஒரு சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு மோட்டார் அறை வரை நடந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் குரல் கேட்டது. கத்தவில்லை. பக்கத்தில் நிற்பவளிடம் பேசுவதுபோல, "பாப்பா... தண்ணி" என்றாள். கூழாங்கல்லில் சக்கரம் கொஞ்சம் நறநறத்து நின்றது.

அங்கேயே நின்றேன். இன்னும் நாலு எட்டு வைத்தால் போதும். ஆனால் வைத்தால் இன்றைக்கு மிச்சம் இருக்கிறது, நாளைக்கு இருக்கிறது, அதற்கடுத்த நாளும் இருக்கிறது. சொம்புத் தண்ணீரைக் காலடியில் இருந்த செடிக்கு ஊற்றினேன். திரும்பி வந்து படுத்தேன். நாலு மணிக்குப் போனபோது நிழல் வந்திருந்தது. அவள் சத்தம் போடவில்லை. அவ்வளவுதான். நான்தான் செய்தேன். தெரிந்துதான் செய்தேன். வரைபடம் போடும்போதே தெரியும் என்று நீங்கள் எழுதிக்கொண்டாலும் மறுக்க மாட்டேன்.

அக்கா மகள் என் தோளில் சாய்ந்து அழுதாள். "நீங்க இல்லன்னா அம்மா என்னைக்கோ போயிருப்பாங்க சித்தி" என்றாள். காரியமெல்லாம் முடிந்து கிளம்பும்போது அந்த இடத்தில் போய்க் கொஞ்ச நேரம் நின்றாள். அவளுடைய மாமியாரும் இப்போது படுக்கையில்தான் இருக்கிறாராம். "எங்க தோட்டத்துலயும் இதே மாதிரி ஒண்ணு போட்டுக் குடுங்க சித்தி" என்று கேட்டாள்.

என் கைப்பையிலிருந்து நீங்கள் எடுத்த இன்னொரு வரைபடம் அதுதான். அவள் சொன்ன அளவை வைத்துப் போட்டது. மேற்கு எந்தப் பக்கம் என்று மட்டும் நான் கேட்டேன், அவளும் சொன்னாள். உங்கள் வேலை முடிந்ததும் அதை அவளிடம் சேர்த்துவிடுங்கள். கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருக்கிறது, பாவம், அவளாவது கொஞ்சம் தூங்கட்டும்.